எதிரொலியைப் படமாக்கும் கணக்கு

வயிற்று வலி, சிறுநீரகக் கல், கர்ப்பம், கழுத்துக் கழலை என எதற்காக மருத்துவரிடம் சென்றாலும் 'ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்' என்று சொல்லப்படும் காலம் இது. தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தில் வராக நதியை ஒட்டியுள்ள ஜெயமங்கலத்திலிருந்து அதற்காகப் புறப்படுவோர், பெரியகுளத்திலுள்ள மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைக்கோ, க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, தேனி நகரத்துத் தனியார் ஸ்கேன் மையங்களுக்கோ செல்லலாம். எங்கே சென்றாலும் அவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் ஏறத்தாழ ஒன்றே. மேல்வயிற்று ஸ்கேன் என்றால் வெறும் வயிற்றோடு வரவேண்டும். அடிவயிற்று ஸ்கேன் என்றால் 'தண்ணியக் குடிச்சிட்டு உக்காருங்கம்மா, நல்லா முட்டினதும் சொல்லுங்க' என்று செவிலியர் காத்திருக்க வைப்பார். படுக்கையில் சாய்ந்ததும் தோலின்மேல் சில்லென்று ஜெல் பூசப்படும்.

இந்த மூன்று ஏற்பாடுகளுக்கும் காரணம் ஒன்றுதான்: ஸ்கேன் கருவி வேலை செய்வது ஒளியால் அன்று, ஒலியால். மீயொலி ஸ்கேன், அதாவது மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலியைச் செலுத்திப் படம் வரையும் சோதனை, உடலைப் புகைப்படம் எடுப்பதில்லை. அனுப்பிய ஒலி எவ்வளவு நேரம் கழித்து, எவ்வளவு வலுவோடு திரும்பியது என்று அளந்து, அந்த அளவுகளிலிருந்து ஒரு படத்தைக் கணக்கிட்டுத் தருகிறது. இந்தக் கணக்கு எங்கே சரியாக வரும், எங்கே பிசகும் என்பது தெரிந்துவிட்டால், ஸ்கேன் அறிக்கையைக் கையில் வாங்கும் எவரும் அதனிடம் என்ன எதிர்பார்க்கலாம், என்ன எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளலாம்.

ஒலியின் நடை

வைகை அணையின் நீர்மட்டம் 66 அடி, 68.5 அடி, 69 அடி என்னும் அளவுகளை எட்டும்போது கரையோர ஊர்களுக்கு மூன்று கட்டமாக வெள்ள எச்சரிக்கை விடுக்கப்படுவதும், அதற்காக அபாயச் சங்கு ஒலிக்கப்படுவதும் இந்த வட்டாரத்தார் அறிந்தவை. சங்கின் தகடு அதிரும்போது அதனை ஒட்டிய காற்றுத் துகள்கள் முதலில் நெருக்கப்பட்டுப் பிறகு விலகுகின்றன; அந்த நெருக்கமும் நெகிழ்வும் அடுத்தடுத்த துகள்களுக்குக் கைமாறிச் செல்வதே ஒலி அலை. துகள்கள் தம் இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகின்றன, அசைவு மட்டுமே பயணம் செய்கிறது. அசைவின் திசையும் பயணத்தின் திசையும் ஒன்றாக இருப்பதால் இத்தகைய அலைக்கு நெட்டலை என்று பெயர். துகள்கள் இல்லாத வெற்றிடத்தில் கைமாற்ற ஆள் இல்லை, ஆகவே ஒலியும் இல்லை.

ஒரு வினாடியில் எத்தனை முறை இந்த நெருக்கம் நிகழ்கிறது என்பது அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. நோயறியும் ஸ்கேன்களில் பொதுவாகப் பயன்படுவது 20 லட்சம் முதல் ஒன்றரைக் கோடி ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி, அதாவது 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ். ஆனால் அதிர்வெண் கூடுவதால் ஒலி வேகமாகச் செல்வதில்லை. ஊடகம் எளிதில் அமுங்கக்கூடியதா, அதன் அடர்த்தி என்ன என்பவையே வேகத்தை முடிவு செய்கின்றன: காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர், நீரில் சுமார் 1,480 மீட்டர், கொழுப்பில் 1,450 மீட்டர், எலும்பில் 3,000 முதல் 4,000 மீட்டர். உடலின் மென்திசுக்களுக்குச் சராசரியாக 1,540 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. உலகெங்கும் உள்ள ஸ்கேன் கருவிகள் இந்த ஓர் எண்ணை நம்பியே இயங்குகின்றன.

ஒலி ஓர் ஊடகத்தில் நெருக்கமும் நெகிழ்வுமாகவே நகர்கிறது என்பதை ஒளியைக் கொண்டு காட்டும் ஆய்விலும் தமிழ்நாட்டில் பிறந்த ஓர் அறிவியலாளரின் பங்கு உண்டு. மீயொலி பாயும் திரவத்தின் குறுக்கே ஒளியைச் செலுத்தினால், நெருக்கமான பகுதியும் நெகிழ்ந்த பகுதியும் ஒளியை வெவ்வேறு அளவில் தாமதப்படுத்துவதால், ஒளிக்கற்றை பல கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. 1932-இல் கண்டறியப்பட்ட இந்த நிகழ்வுக்குச் செம்மையான விளக்கம் அளித்தவர்கள் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமனும் அவருடைய மாணவர் நாகேந்திரநாத்தும். 1935, 1936 ஆகிய ஆண்டுகளில் பெங்களூரிலிருந்து அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் 'ராமன்–நாத் கோட்பாடு' என்ற பெயரில் இன்றும் பாடநூல்களில் இருக்கின்றன. மிருதங்கத்தின் தோலில் பூசப்படும் கருஞ்சாந்து அதன் ஒலியை எவ்வாறு சுருதியோடு ஒத்திசைய வைக்கிறது என்பதையும் ராமன் ஆராய்ந்தார் என்பதால், காதுக்கு எட்டும் ஒலி, எட்டாத ஒலி இரண்டிலுமே அவருடைய கை படிந்திருக்கிறது எனலாம்.

மலையும் வௌவாலும்

எதிரொலியைக் கொண்டு தூரத்தை அளக்கும் முறை எளிமையானது. பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அடிவாரத்தில் நின்று எதிரிலுள்ள பாறை முகட்டை நோக்கி ஒருவர் குரல் எழுப்பி, அது சரியாக இரண்டு வினாடியில் திரும்பக் கேட்டால், ஒலி போய்வந்த மொத்தத் தூரம் 686 மீட்டர். பாறை இருப்பது அதில் பாதியான 343 மீட்டர் தொலைவில். வேகம் தெரிந்திருக்க வேண்டும், நேரத்தை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும், கிடைத்ததைப் பாதியாக்க வேண்டும். ஸ்கேன் அறையில் நடப்பதும் இந்த மூன்று படிகள்தான்.

இதைக் கருவி இல்லாமலே செய்யும் உயிரினம் வௌவால். கண்ணை மறைத்தாலும் வௌவால் தடையின்றிப் பறக்கிறது என்று இத்தாலியரான லாசரோ ஸ்பல்லன்சானி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோதித்துக் காட்டினார். அது எழுப்பும் ஒலி மனிதருக்குக் கேட்காத ஒலி என்பது 1938-இல் அமெரிக்காவில் டொனால்டு கிரிஃபின் செய்த ஆய்வுகளுக்குப் பிறகே உறுதியானது. ஆயினும் எல்லா வௌவால்களும் அவ்வாறு ஒலி எழுப்புவதில்லை. வருசநாட்டுப் பள்ளத்தாக்குக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் இடையே உயர்ந்து நிற்கும் மேகமலையில் 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்னும் தோட்ட அதிகாரி சேகரித்த ஒரு பழந்தின்னி வௌவால், பல ஆண்டுகள் வேறோர் இனமாகக் கருதப்பட்டு அருங்காட்சியகத்தில் கிடந்தது; 1972-இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அது தனிப் பேரினம் என்று கண்டு, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை பெரிய கண்களையும் கூரிய மூக்கையும் நம்பி இரை தேடுகின்றன. இருட்டில் பறக்கும் பூச்சியைப் பிடிக்க வேண்டிய சிறு வௌவால்களே மீயொலியை நாடுகின்றன. வெளிச்சம் போதிய இடத்தில் ஒளியும் வெளிச்சம் புகாத இடத்தில் ஒலியும் பயன்படும் என்னும் இந்தப் பங்கீடு மருத்துவத்துக்கும் பொருந்தும், ஏனெனில் உடலின் உட்பகுதியும் இருட்டே.

ஆலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு

மனிதர் இதற்கொரு கருவி செய்வதற்கு, மின்சாரத்தை அதிர்வாகவும் அதிர்வை மின்சாரமாகவும் மாற்றும் பொருள் ஒன்று தேவைப்பட்டது. 1880-இல் பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டனர். இதுவே அழுத்த மின்விளைவு. இதன் மறுதலையாக, அத்தகைய படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது விரிந்து சுருங்கும் என்பதும் விரைவில் உறுதியாயிற்று. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்கப் பால் லாஞ்செவன் குவார்ட்ஸ் தகடுகளைக் கொண்டு கடலுக்குள் மீயொலியை அனுப்பி எதிரொலியைப் பெற்றார். அதன் பின்னர் தொழிற்சாலைகளில் உலோகத் தகடுகளுக்குள் மறைந்திருக்கும் விரிசல்களைக் கண்டறியவும் இதே முறை பயன்பட்டது.

மருத்துவத்துக்குள் அது நுழைந்த வாசல் அந்தத் தொழிற்சாலைதான். 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்னும் மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியலாளரும் விரிசல் காணும் கருவி ஒன்றை இரவல் பெற்று இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். இன்று 'எக்கோ' என்று அழைக்கப்படும் சோதனையின் தொடக்கம் அதுவே. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயான் டொனால்டு, 1955-இல் ஒரு கொதிகலன் ஆலைக்குச் சென்று, அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டிகளையும் ஒப்பிடுவதற்காக ஓர் இறைச்சித் துண்டையும் அங்கிருந்த விரிசல் காணும் கருவியில் வைத்துப் பார்த்தார். திரவம் நிறைந்த கட்டியும் திடமான கட்டியும் வெவ்வேறு விதமாக எதிரொலிப்பது தெரிந்தது. பின்னர், வயிற்றில் தீர்க்க முடியாத புற்றுநோய் என்று முடிவு கட்டப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு உண்மையில் இருந்தது அறுத்து எடுத்துவிடக்கூடிய பெரிய சூலக நீர்க்கட்டிதான் என்பதை அக்கருவி காட்டிக்கொடுக்க, அவர் பிழைத்தார். டொனால்டும், மருத்துவர் ஜான் மக்விக்காரும், பொறியாளர் டாம் பிரவுனும் சேர்ந்து 1958 ஜூன் மாதம் 'லான்செட்' இதழில் வெளியிட்ட கட்டுரை, இன்றைய வயிற்று ஸ்கேன், கர்ப்ப ஸ்கேன் இரண்டுக்கும் வித்தாயிற்று.

13 மைக்ரோவினாடி

ஸ்கேன் எடுப்பவர் கையில் பிடித்து வயிற்றின்மேல் நகர்த்தும் உறுப்புக்கு ப்ரோப் என்று பெயர். அதன் முகப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய படிகத் துண்டுகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. குவார்ட்ஸுக்குப் பதிலாக இப்போது செயற்கைப் பீங்கான் வகைப் பொருளே அதிகம் பயன்படுகிறது. தகட்டின் தடிமனே அது எந்த அதிர்வெண்ணில் சிறப்பாக அதிரும் என்பதை முடிவு செய்வதால், 3.5 மெகாஹெர்ட்ஸுக்குரிய தகடு அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமனில் வெட்டப்படுகிறது. அதிர்வெண் கூடக் கூடத் தகடு மெலிகிறது.

ஒரு துண்டுக்கு நொடிப்பொழுது மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. அது இரண்டு மூன்று அலைகளை மட்டுமே கொண்ட குறுகிய ஒலித்துடிப்பை உடலுக்குள் அனுப்பிவிட்டு, உடனே பேச்சை நிறுத்திக் கேட்கத் தொடங்குகிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள பரப்பில் பட்டு ஒலி திரும்பி வர, போகவும் வரவுமாக இரண்டு சென்டிமீட்டர் கடக்க வேண்டும். வினாடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் அதற்கு ஆகும் காலம் 13 மைக்ரோவினாடி, அதாவது ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் 13 கூறு. எனவே 26 மைக்ரோவினாடி கழித்து வந்த எதிரொலியைக் கருவி இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு புள்ளியாக வைக்கிறது. 130 மைக்ரோவினாடி கழித்து வந்ததைப் பத்து சென்டிமீட்டரில் வைக்கிறது. எதிரொலி வலுவாக இருந்தால் புள்ளியை வெள்ளையாகவும், மெலிந்திருந்தால் சாம்பலாகவும், எதுவுமே வராவிட்டால் கறுப்பாகவும் தீட்டுகிறது.

ஒரு துடிப்பிலிருந்து கிடைப்பது ஒரே ஒரு கோடு. 15 சென்டிமீட்டர் ஆழம் வரை பார்க்க வேண்டுமானால் ஒரு கோட்டுக்கு 195 மைக்ரோவினாடி ஆகும். வினாடிக்கு ஏறத்தாழ 5,100 கோடுகளுக்கு மேல் வரைய ஒலியின் வேகம் இடம்தராது. ஒரு படத்துக்கு 128 கோடுகள் என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு 40 படங்கள் கிடைக்கும். கண்ணுக்கு அது தொடர்ந்து ஓடும் காட்சியாகத் தெரிய இது போதும். கருவில் உள்ள குழந்தை கையை அசைப்பது அசையும்போதே திரையில் தெரிவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். ஆழத்தைக் கூட்டினால் காத்திருக்கும் நேரம் கூடிப் படங்களின் எண்ணிக்கை குறையும் என்பதால், தேவைக்கு மேல் ஆழத்தை வைக்காமல் இருப்பது நல்ல ஸ்கேன் மருத்துவரின் பழக்கம்.

ஜெல், தண்ணீர், பட்டினி

ஒலி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது ஏன் திரும்புகிறது என்பதில்தான் முதலில் சொன்ன மூன்று அறிவுரைகளின் விளக்கமும் இருக்கிறது. ஊடகத்தின் அடர்த்தியை அதில் ஒலி செல்லும் வேகத்தால் பெருக்கினால் கிடைக்கும் அளவை ஒலித்தடை எனலாம். மெகாரேல் என்னும் அலகில் அது காற்றுக்கு 0.0004, கொழுப்புக்கு 1.38, நீருக்கு 1.48, கல்லீரலுக்கு 1.65, தசைக்கு 1.70, எலும்புக்கு ஏறத்தாழ 7.8. இரு ஊடகங்களின் ஒலித்தடை ஒன்றாக இருந்தால் எல்லைக்கோடு இருப்பதே ஒலிக்குத் தெரியாது; வேறுபாடு கூடக் கூடத் திரும்பும் பங்கு கூடும். கொழுப்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் திரும்புவது சுமார் ஒரு சதவீதம் மட்டுமே, மீதி 99 சதவீதம் உள்ளே செல்கிறது. அந்த ஒரு சதவீதமே படத்துக்குப் போதும். தசையிலிருந்து எலும்பில் படும்போது 40 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிடுகிறது. தசையிலிருந்து காற்றில் படும்போதோ 99.9 சதவீதம் திரும்பிவிடுகிறது. அதற்கு அப்பால் எதுவும் தெரியாது.

தோலுக்கும் ப்ரோப்புக்கும் இடையே தலைமுடி அளவுக்குக் காற்று இருந்தாலும் ஒலி உடலுக்குள் நுழையாமல் வாசலிலேயே திரும்பிவிடும். நீரை ஒத்த ஒலித்தடை கொண்ட ஜெல் அந்தக் காற்றை வெளியேற்றி வழியைத் திறந்துவிடுகிறது. குடலில் எப்போதும் வாயு இருக்கும் என்பதால், கருப்பையும் சூலகமும் குடல் சுருள்களுக்குப் பின்னே மறைந்துகொள்கின்றன. தண்ணீர் குடித்து மூத்திரப்பை நிறையும்போது அது குடலை மேலே ஒதுக்கித் தள்ளுவதோடு, தானே ஒலி எளிதில் கடந்து செல்லும் ஜன்னலாகவும் ஆகிவிடுகிறது. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கித் தன் நீரைக் குடலுக்குள் விட்டுவிடும், விழுங்கிய காற்றும் கூடும். வெறும் வயிற்றில் இருந்தால் பித்தப்பை விரிந்து நிறைந்திருக்கும், அதிலுள்ள கல் தெளிவாகத் தெரியும். 'ஒரு டீ மட்டும்தான் குடிச்சேன்' என்று சொல்பவரை மறுநாள் வரச் சொல்வதற்குக் காரணம் அந்த டீயிலுள்ள பாலின் கொழுப்பே பித்தப்பையைச் சுருங்க வைத்துவிடக்கூடும் என்பதுதான்.

ஆழமா, நுணுக்கமா

ஒலி செல்லச் செல்ல அதன் ஆற்றல் சிதறியும் வெப்பமாக மாறியும் குறைகிறது. மென்திசுவில் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் அரை டெசிபல் வீதம் இழப்பு ஏற்படுகிறது. 10 டெசிபல் குறைந்தால் வலிமை பத்தில் ஒன்றாகும், 20 குறைந்தால் நூறில் ஒன்றாகும் என்பது டெசிபல் கணக்கு. 3.5 மெகாஹெர்ட்ஸ் ஒலி 15 சென்டிமீட்டர் ஆழம் சென்று திரும்ப 52 டெசிபலுக்கு மேல் இழக்கும், அதாவது லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சும். கருவி அதைப் பெருக்கிக் காட்டிவிடும். அதே ஆழத்துக்கு 10 மெகாஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பினால் 150 டெசிபல் இழப்பு. பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு என்னும் அந்த மிச்சத்தை எந்தக் கருவியாலும் பிடிக்க முடியாது.

அப்படியானால் குறைந்த அதிர்வெண்ணையே எப்போதும் பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஆனால் அலைநீளத்தைவிடச் சிறிய நுணுக்கங்களை அலையால் பிரித்துக் காட்ட இயலாது. வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைப்பது அலைநீளம்: 3.5 மெகாஹெர்ட்ஸில் அது 0.44 மில்லிமீட்டர், 10 மெகாஹெர்ட்ஸில் 0.15 மில்லிமீட்டர். ஆகவே தோலுக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டரில் இருக்கும் தைராய்டு, மார்பகம், கைகால் இரத்தக் குழாய் ஆகியவற்றை உயர் அதிர்வெண்ணிலும், கல்லீரல், சிறுநீரகம், கரு ஆகியவற்றைத் தாழ் அதிர்வெண்ணிலும் பார்க்கின்றனர். ஸ்கேன் அறையில் இரண்டு மூன்று ப்ரோப்கள் மாட்டியிருப்பது இதற்காகவே. பருமனான உடலில் படம் மங்குவதும் இதே காரணத்தால்தான். அது கருவியின் குறையோ மருத்துவரின் கவனக்குறைவோ ஆகாது.

கறுப்பும் வெளுப்பும் சொல்வது

திரையைப் படிப்பதற்கு இவ்வளவும் அடிப்படை. நீருக்குள் எதிரொலிக்கும் எல்லைகள் இல்லாததால் மூத்திரப்பை, பித்தநீர், நீர்க்கட்டி, பனிக்குடம் ஆகியவை கறுப்பாகத் தெரியும். நீரில் இழப்பும் குறைவு என்பதால் அதன் பின்னே உள்ள பகுதி வழக்கத்தைவிட வெளுத்துத் தெரியும். ஒரு கட்டி நீர்க்கட்டிதான் என்று உறுதி செய்ய மருத்துவர் பார்க்கும் அடையாளங்களுள் இது ஒன்று. பித்தப்பைக் கல் இதற்கு நேர்மாறானது: முகப்பில் பளிச்சென்ற வெள்ளை வளைவு, அதன் பின்னே ஒலி செல்லாததால் நீண்ட கறுப்பு நிழல். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால், அந்த நுண்துளிகள் ஒலியைச் சிதறடிப்பதால், கல்லீரல் அடுத்துள்ள சிறுநீரகத்தைவிட வெளுத்துத் தோன்றும்.

எனினும் கருவி நம்பும் 1,540 என்னும் எண் எல்லா இடத்திலும் மெய்யன்று. ஒலி வினாடிக்கு 1,450 மீட்டர் வேகத்தில் மட்டுமே செல்லும் கொழுப்பு, ஐந்து சென்டிமீட்டர் தடிமனுக்கு இருந்தால், அதற்கு அப்பால் உள்ளதைக் கருவி மூன்று மில்லிமீட்டர் ஆழம் கூட்டியே காட்டும். ஒலி நேர்கோட்டில் சென்று நேர்கோட்டில் திரும்புகிறது என்பதும் ஓர் அனுமானமே. கல்லீரலுக்கு மேலுள்ள உதரவிதானத்தில், அதாவது வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் தசைத்திரையில், பட்டுத் தெறிக்கும் ஒலி சுற்றுவழியில் திரும்புவதால், கல்லீரலில் உள்ள கட்டியின் பிம்பம் நுரையீரல் பக்கத்திலும் ஒன்றாகத் தெரிவது உண்டு. பயிற்சி பெற்றவர் ப்ரோப்பைச் சாய்த்தும் திருப்பியும் பார்த்து இத்தகைய பொய்த்தோற்றங்களை விலக்குகிறார். அறிக்கையின் அடியில் 'நோய்க்குறிகளோடு பொருத்திப் பார்க்கவும்' என்னும் பொருளில் ஒரு வரி எழுதப்படுவது தட்டிக்கழிப்பதற்காக அன்று; எதிரொலியின் கணக்கு நோயாளியின் உடலைத் தொட்டுப் பார்த்த மருத்துவரின் முடிவோடு சேர்ந்தால்தான் முழுமையாகும்.

இரத்தத்தின் ஓசை

கருவில் உள்ள குழந்தையின் இதயத் துடிப்பு ஸ்கேன் அறையில் 'டுக்கு டுக்கு' என்று கேட்கும்போது தாயின் முகம் மலர்வது வழக்கம். பொதுவாக நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை ஓடும் அந்தத் துடிப்பு கேட்பதற்குக் காரணம் 1842-இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய விளைவு. நெருங்கி வரும் பேருந்தின் ஹாரன் சுருதி கூடியும் விலகும்போது சுருதி குறைந்தும் கேட்பதைப்போல, ப்ரோப்பை நோக்கி ஓடும் இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் கூடியும், விலகி ஓடும் அணுக்களில் பட்டுத் திரும்புவது குறைந்தும் வரும். ஐந்து மெகாஹெர்ட்ஸ் ஒலியை 60 பாகைச் சாய்வில் அனுப்பி, வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் இரத்தத்திலிருந்து திரும்பப் பெற்றால், அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றம் ஏறத்தாழ 1,600 ஹெர்ட்ஸ். அனுப்பியதும் திரும்பியதும் காதுக்கு எட்டாதவை. அவற்றின் வித்தியாசம் மட்டும் காதுக்கு எட்டும் எல்லைக்குள் வந்து விழுகிறது, அதை ஒலிபெருக்கியில் கொடுத்தால் இரத்தத்தின் ஓட்டம் கேட்கிறது. திரையில் சிவப்பும் நீலமுமாகத் தெரிவதும் இதே அளவுதான். சிவப்பைச் சுத்த இரத்தம் என்றும் நீலத்தை அசுத்த இரத்தம் என்றும் பலர் எண்ணிக்கொள்வது தவறு, வழக்கமான அமைப்பில் சிவப்பு ப்ரோப்பை நோக்கி வருவதையும் நீலம் விலகிச் செல்வதையும் மட்டுமே குறிக்கின்றன.

தீங்கு எங்கிருந்து வந்தது

எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் ஆகியவற்றில் இருப்பதுபோன்ற அணுக்களை அயனியாக்கும் கதிர்வீச்சு மீயொலியில் இல்லை. அது திசுவைச் சற்றே சூடாக்கலாம், நுண்குமிழிகளை அதிர வைக்கலாம் என்பதால், அவ்விரண்டையும் குறிக்கும் எண்கள் திரையின் ஓரத்தில் காட்டப்படுகின்றன. தேவையான அளவுக்கு மட்டும் பயன்படுத்துவது என்னும் நெறியோடு இயங்கினால் கருவுக்குத் தீங்கு நேர்ந்ததாக உறுதியான சான்று கிடைக்கவில்லை. கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேன் எடுக்கப்பட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது.

ஆனால் இந்தக் கருவியால் விளைந்த கேடு வேறொரு வழியில் வந்தது. பெண் குழந்தையைப் பிறந்தவுடன் கொல்லும் வழக்கம் அண்டை மாவட்டத்து உசிலம்பட்டி வட்டாரத்தில் இருப்பதை 1986-இல் 'இந்தியா டுடே' இதழ் வெளிக்கொணர்ந்தது. பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்க வழிசெய்வதற்காக 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் விரிவாக்கப்பட்ட மாவட்டங்களுள் மதுரை, திண்டுக்கல் ஆகியவற்றோடு தேனியும் ஒன்று. தேனி அல்லிநகரத்தில் பிறந்த இயக்குநர் பாரதிராஜா இதே கொடுமையைக் 'கருத்தம்மா' படத்தில் காட்டியது 1994-இல். கருவிலேயே பாலினம் அறிந்து அழிக்கும் புதிய கொடுமையைத் தடுக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும் அதே ஆண்டில். சிசுவுக்குப் புகட்டிய கள்ளிப்பால் செய்ததை ஸ்கேன் அறை சத்தமில்லாமல் செய்துமுடிக்கும் நிலை வந்தபோது, கருவியைக் கட்டுப்படுத்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து 2003-இல் கடுமையாக்கப்பட்ட அச்சட்டத்தின்படி, பதிவு பெறாத இடத்தில் ஸ்கேன் கருவியை இயக்க முடியாது. கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் 'எஃப்' படிவம் நிரப்பிக் காக்க வேண்டும். பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வகையிலோ தெரிவிக்கும் மருத்துவருக்கு முதல் குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கேட்டு வருபவரும் தண்டனைக்கு உரியவரே, அவருக்கு அபராதம் ஐம்பதாயிரம் ரூபாய் வரை செல்லும். ஒவ்வொரு ஸ்கேன் மையத்தின் சுவரிலும் பாலினம் கண்டறியப்படுவதில்லை என்று பலகை மாட்டப்பட்டிருப்பது இச்சட்டம் விதித்த கடமை.

ஸ்கேனுக்குச் செல்வோருக்கு

இவ்வளவு தெரிந்த பிறகு வாசகர் செய்ய வேண்டியவை சில உண்டு. சொன்னபடி வெறும் வயிற்றோடு செல்லுங்கள், முட்டும் வரை தண்ணீர் குடியுங்கள். இவற்றில் ஏமாற்றினால் ஏமாறுவது படம்தான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையைக் கடைசி வரை பத்திரமாக வைத்திருங்கள்; குழந்தையின் நீளத்தை அளந்து அப்போது கணக்கிடும் வயது ஒரு வாரத்துக்கு மேல் பிசகாது, கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேனிலோ அது மூன்று வாரம் வரை முன்பின்னாக இருக்கலாம். பழைய அறிக்கைகளையும் படங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கல் வளர்ந்ததா, கட்டி சுருங்கியதா என்பது ஒப்பிட்டால்தான் தெரியும். 'ஒன்றும் இல்லை' என்று அறிக்கை வந்தும் வலி நீடித்தால், வாயுவும் எலும்பும் மறைத்த இடத்தில் மீயொலிக்கு எட்டாதது இருக்கக்கூடும் என்பதை மனத்தில் கொண்டு மீண்டும் மருத்துவரிடம் செல்லுங்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் எவரிடமும் கேட்காதீர்கள்.